31-ஆ 37-ஆ: ஒரு தவறைச் சொல்லப் போன இரண்டு நாட்கள்

கோயில், கடற்கரை, சாப்பாட்டுக் கடை என்று எழுதிவரும் இந்த வலைப்பதிவில் என் வேலையைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் ஆண்களின் குழந்தையின்மையை ஆராய்கிறேன். பதினேழு வருடமாக என் பகல்பொழுது நுண்ணோக்கியில் விந்தணுக்களை எண்ணுவதில் போகிறது. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் அம்மா, "ஏதோ செல் ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்துவிடுவார். போன பிப்ரவரியில் ஒரு வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்த வேலைதான் என்னை டெல்டாவுக்கு இழுத்துப் போனது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊர்களைச் சொல்லவில்லை.

மூன்று வருடம் முன்பு கும்பகோணத்தில் ஆய்வுக்காக ஒரு முகாம் நடத்தினோம். வந்த ஆண்களுக்கு இலவசப் பரிசோதனை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். டப்பாவின் மேல் அந்த எண்ணைப் பேனாவால் எழுதியது நான். பயணத்துக்கு முந்தைய மாதம், ஜனவரியில், வேறு ஒரு வேலைக்காக, அந்த முகாமில் மாதிரிகளைப் பூசிப் பத்திரப்படுத்திய பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்துப் பார்த்தேன். 37-ஆம் எண்காரருக்கு விந்தணுவே இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தோம். அவருடைய தகட்டில் நிறைய இருந்தது. 31-ஆம் எண்காரருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை. அவருடைய தகடு வெறுமையாக இருந்தது. நான் 1 எழுதினால் மேலே நீளமாக ஒரு மூக்கு வரும். அவசரத்தில் பார்த்தால் 7 மாதிரி இருக்கும்.

அறிக்கை இடம் மாறியதா, தகடு இடம் மாறியதா என்பதுதான் தெரியவில்லை. தகடு மாறியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அறிக்கை மாறியிருந்தால் இரண்டு குடும்பங்கள் மூன்று வருடமாகத் தவறான தாளை நம்பி வாழ்ந்திருக்கின்றன. எங்கள் நெறிமுறைக் குழுவில் இருவரையும் சென்னைக்கு வரவழைக்கலாம் என்றார்கள். எழுதியது என் கை, நானே போய்ச் சொல்கிறேன் என்று அனுமதி வாங்கினேன்.

வெள்ளி காலை எழும்பூரில் பகல் ரயில். மயிலாடுதுறையில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் சாப்பாடு நூறு ரூபாய், வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. மூன்று கவளத்துக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. போக வர தொள்ளாயிரம் ரூபாய் என்று செந்தில் என்பவரின் ஆட்டோவைப் பேசிக்கொண்டேன். பூம்புகார் சாலையில் பத்தொன்பது கிலோமீட்டர், பிறகு வாய்க்கால் ஓரமாக இரண்டு. சம்பா அறுவடை நேரம். வழி முழுக்க நெல்லைச் சாலையில் காயப்போட்டிருந்தார்கள், வண்டி பாதி சாலையில்தான் போனது.

37-ஆம் எண்காரரை அருள் என்று சொல்லுகிறேன். படகு எஞ்சின் மெக்கானிக், வயது முப்பத்தெட்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் பட்டறை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், வாசலில் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே மாதா படத்துக்குக் கீழே இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று ஸ்பேனரை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அருளின் மனைவி ஜெனிட்டா காபி கொண்டுவந்தார்.

"இவதான் எங்க பொண்ணு" என்றார் ஜெனிட்டா. "நீங்க ரிப்போர்ட் குடுத்த மறுமாசமே தத்தெடுக்க எழுதிப் போட்டோம். ஒன்னே முக்கா வருஷம் காத்திருந்தோம். நீங்க அன்னிக்குத் தெளிவா சொல்லலேன்னா இன்னும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிட்டிருப்போம் மேடம்."

ரயிலில் நான்கு மணி நேரம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் அந்த இடத்தில் காணாமல் போயின. நன்றி சொல்பவரிடம் எப்படி மன்னிப்பு கேட்பது? தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். ஜெனிட்டா காபித் தட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அருள் கேட்டார். "ரிப்போர்ட்ல ரெண்டாவது தடவையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதியிருந்துச்சு. நான்தான் எடுக்கல. அந்த ரூமுக்குள்ள இன்னொரு தடவ போக மனசு வரல. அது என் தப்பா, உங்க தப்பா?"

"நான் உங்களுக்குப் போன் பண்ணி வற்புறுத்தியிருக்கணும்" என்றேன்.

"சரி. இப்ப இன்னொருத்தர்னு சொன்னீங்களே, அவரு கதி என்ன?"

"அவரை நாளைக்குப் பார்க்கணும். யாருன்னு சொல்ல முடியாது."

"நான் இப்ப சாம்பிள் குடுத்தா அவருக்கு எதுவும் பிரயோஜனம் உண்டா?"

தவறு நடந்ததா என்று கண்டுபிடிக்க உதவும் என்றேன். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அப்ப எடுத்துக்கங்க. ஆனா ரிசல்ட்ட எங்கிட்ட சொல்லக் கூடாது. இருக்குன்னாலும் சொல்லாதீங்க, இல்லேன்னாலும் சொல்லாதீங்க." ஜெனிட்டா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

விந்து மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு குறையாமல், நுண்ணோக்கிக்குக் கொண்டுபோக வேண்டும். மயிலாடுதுறையில் தெரிந்தவர் ஒருவரின் பரிசோதனைக் கூடத்தில் இடம் கேட்டு வைத்திருந்தேன். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு டப்பாவைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நாற்பது நிமிட வழி. பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று திருப்பத்தில் சாய்ந்து நின்றது. பதினான்கு நிமிடம் அங்கேயே.

"கையில அடி பட்டிருக்கா மேடம்? தூக்காமலே வச்சிருக்கீங்க" என்றார் செந்தில்.

"மருந்து, சூடு குறையக் கூடாது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இறங்கிப் போய், டிராக்டர்காரரிடம் ஏதோ பேசி, ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லை யாரோ ஒதுக்கித்தர, அந்த இடைவெளியில் வண்டியை நுழைத்தார். கூடத்துக்குள் நுழையும்போது ஐம்பத்தாறாவது நிமிடம்.

அங்கே நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. அருள் இந்தப் பதிவைப் படிப்பார்.

அன்று மாலை அறை வாடகை ஆயிரத்து நூறு, கொசுவலை உண்டு. ஏழு மணிக்கு ஜெனிட்டா கூப்பிட்டார். பட்டறைச் சத்தம் பின்னால் கேட்டது. "அவங்களுக்கு வேணாம்னா விடுங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க மேடம். என் வாழ்க்கையும்தானே இது?" அவர் கேட்டது நியாயம். அருள் கேட்டதும் நியாயம். அவர் சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது என்றேன். "அவங்க உடம்பு, சரி" என்று வைத்துவிட்டார். சட்டப்படி சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பூட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சனி காலை ஏழே காலுக்குக் கும்பகோணம் பேருந்து. முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தாராசுரம் ஐந்து கிலோமீட்டர், நகரப் பேருந்து போகும். 31-ஆம் எண்காரரின் ஊருக்கு அடுத்த சிற்றுந்து வர ஐம்பது நிமிடம் இருந்ததால் ஐராவதேசுவரர் கோயிலுக்குள் போனேன். காலையில் கூட்டம் இல்லை, கல்தேர்ச் சக்கரத்தின் மேல் வெயில் படும் நேரம் அதுதான், படம் எடுக்க நினைப்பவர்கள் ஒன்பதுக்குள் போய்விடுங்கள். நான் ஒரு படமும் எடுக்கவில்லை. தூண்களில் என்ன இருந்தது என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

31-ஆம் எண்காரர் முருகையன். அறுவடை எந்திரம் ஓட்டுகிறார். கூலி வேலை பார்த்த அப்பாவின் மகன், இன்று சொந்தமாக ஒன்றரை ஏக்கர். வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். "மதகத் தாண்டி இடது கைப் பக்கம்" என்று ஒருவர், "மதகுக்கு முன்னாடியே" என்று இன்னொருவர். இரண்டு மதகுகள் இருப்பதை யாரும் சொல்லவில்லை. அரைமணி நேரம் வரப்பில் அலைந்து, எந்திரச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போனார். மனைவி கலைச்செல்வி ஆரம்பப் பள்ளி ஆசிரியை, அன்று விடுமுறை.

சுவரில் திருமணப் படத்துக்குப் பக்கத்தில் நான் கையெழுத்திட்ட அறிக்கை லேமினேட் செய்து மாட்டியிருந்தது.

நான் சொல்லி முடித்ததும் முருகையன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க வீட்டுல குழந்தை பேச்சு வந்தப்ப இதத்தான் காட்டினேன்" என்றார் மெதுவாக.

கலைச்செல்வி உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அத்தனையும் அவருடைய மருத்துவக் காகிதங்கள். குழாய் அடைப்பு பார்த்தது, வயிற்றில் துளை போட்டுப் பார்த்தது, மாதாமாதம் ஊசி. எல்லாவற்றின் மேலும் ஒரே வரி: கணவருக்குக் குறையில்லை.

"அவருக்கு நல்லா இருக்குன்னதால எங்கிட்டதான் கோளாறுன்னு சொந்தக்காரங்க குத்திக்கிட்டே இருந்தாங்க. நானும் அதுதான்னு நெனச்சேன்" என்றார். "இந்த ஊசியெல்லாம் எதுக்கு மேடம்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

 மன்னிச்சிருங்க என்றேன்.  அவர் கணவர் பக்கம் திரும்பி, "சட்டையப் போடுங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

கும்பகோணத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முருகையன் மாதிரி கொடுத்தார். முதல் துளியில் ஒன்றுமில்லை. சுழலியில் (சென்ட்ரிஃபியூஜ்) போட்டுச் சுழற்றி அடியில் தங்கியதை எடுத்து நாற்பது நிமிடம் தேடினேன். மூன்று கிடைத்தன. ஒன்று அசைந்தது.

கலைச்செல்வி தானும் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "ஓடுதே" என்றார். பிறகு முருகையனை இழுத்துக் குனியவைத்தார். மூன்று இருந்தால்கூட ஆய்வகத்தில் கருத்தரிக்க வைக்கும் வழி இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது, ஆனால் முயலலாம் என்று விளக்கினேன். சென்னையில் எங்கள் மருத்துவரிடம் நேரம் வாங்கித் தருவதாகவும் சொன்னேன். "இந்தத் தடவ எல்லா டெஸ்ட்டும் முதல்ல அவருக்கு. நான் வெளிய உக்காந்து டீ குடிக்கிறேன்" என்றார் கலைச்செல்வி. முருகையன் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனால் என் குழப்பம் தீரவில்லை. அவரிடம் இருந்த தாளில் நிறைய. என்னிடம் இருந்த தகட்டில் பூஜ்யம். இன்று மூன்று. ஒரு காய்ச்சல், எந்திரத்தின் சூடு, ஏதோ மாத்திரை, எதனாலும் எண்ணிக்கை மூன்று வருடத்தில் ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம். மதியம் ஒன்றரைக்குப் பேருந்து பிடித்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூரில் இறங்கி, மாலை ரயில் வரும்வரை நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பெரிய கோயில் ஒன்றரை கிலோமீட்டர்தான். போகவில்லை. குழுவுக்கு எழுதியதன் கடைசி வரி, "தவறு என் பொறுப்பு." அதை மட்டும் அடித்துத் திருத்தாமல் எழுத முடிந்தது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: தையிலும் மாசியிலும் சாலையில் நெல் காயும், எந்த வழிக்கும் அரைமணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக் கட்டணத்தை ஏறும் முன் பேசிவிடுங்கள். குழந்தைக்காகப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு: மனைவிக்கு ஊசி போடும் முன் கணவருக்குப் பாருங்கள். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். எங்களை மாதிரி ஆட்களிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

எழுதியதை வெளியிடும் முன் இரண்டு வீட்டுக்கும் அனுப்பினேன். கலைச்செல்வி, "போடுங்க. அவர் பெயர மட்டும் மாத்துங்க" என்று பதில் போட்டார். ஒரு வாரம் கழித்து அருள் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பக்கத்தில் ஜெனிட்டா. "ரெண்டு பேரும் பேசிட்டோம். சொல்லுங்க மேடம், ஆனா எழுத வேணாம்" என்றார். சொன்னேன்.  பிறகு ஜெனிட்டா, "சரி மேடம், பாப்பா தூங்கி எழுந்துட்டா, பாக்கணும்" என்றார். நிம்மதியா, அழுகையா, கோபமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்க நினைத்தேன், அதற்குள் போன் நின்றுவிட்டது.