காஷ்மீரிக்குத் தும்மல் வராது

கிணத்துக்கடவு மாவு மில்லின் மிளகாய் மெஷினுக்குப் பங்காரம்மா வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மில் புருஷன் சென்னகேசவனுடையது. முதுகில் ஜவ்வு விலகிவிட்டது, இனி மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் அவரிடம் சொன்ன மறுநாள், முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போனவள்தான். முதல் மாதம் முழுக்கத் தும்மினாள். இரண்டாம் மாதம் கண் மட்டும் எரிந்தது. அப்புறம் மூக்கு மரத்துப்போய்விட்டது. இப்போது எந்த மிளகாய் அரைபட்டாலும் அவளுக்கு அது கோதுமை மாதிரிதான்.

அதனால் காரத்தை அவள் அளப்பது வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்களை வைத்து. குண்டு மிளகாய் என்றால் ஒரு தும்மல், இரண்டு தும்மல். நீட்டு மிளகாய்க்கு நாலைந்து. ஒல்லியாக, சுண்டுவிரல் நீளமே இருக்கும் தேஜா உள்ளே விழுந்தால் பெஞ்சு காலி. எல்லாரும் ரோட்டுக்குப் போய் நின்று கணக்கில்லாமல் தும்முவார்கள். காஷ்மீரிக்கு ஒருத்தர் மூக்கும் அசையாது. குழம்புக்குச் சிவப்பு வேண்டும், காரம் வேண்டாம் என்கிறவர்களுக்கான ரகம் அது.

அன்றைக்கு மில் திறந்ததும் முதல் ஆளாக வந்தது முத்தாத்தாள். மேற்கே நாலு கிலோமீட்டரில் தோட்டத்துக்குள்ளேயே கட்டிய சாளை வீட்டில் குடியிருப்பவர்.

"அம்மணி, இன்னைக்கிருந்து கொழம்பு ஊத்திக்கலாம்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. ரெண்டு மாசமா கஞ்சியும் மோர்ச்சோறுமாத் தின்னு, எங்கூட்டுக்காரரு என்ற மூஞ்சியப் பாத்தாலே சண்டைக்கு வாராரு."

"ஆபரேஷன் புண்ணு ஆறிருச்சுங்களா அக்கா?"

"மேல ஆறிருச்சு. வவுத்துக்குள்ள இன்னும் பச்சைப்புண்ணுதானாம். காரம் பட்டா மறுக்கா ஆஸ்பத்திரிதான்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க. அதான் காஷ்மீரி. நீ பாத்து அரைச்சு வெய்யி, நான் மருந்துக்கடைக்குப் போயிட்டு வாரேன்."

பங்காரம்மா பார்த்துத்தான் அரைத்தாள். முந்தின நாள் காரம் ஒட்டியிருக்கக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவையாக அரிசியும் கல்லுப்பும் போட்டு மெஷினை ஓட்டிக் கழுவினாள். காஷ்மீரியை அரைத்து முடித்து டப்பாவில் நிரப்பி அலமாரியில் வைத்த பிறகே, நஞ்சுண்டனின் தேஜாவைத் தொட்டாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சாயங்காலம் கோழி வறுவல் போடுகிறவன் நஞ்சுண்டன்.

அந்த மில்லில் சீட்டு எழுதி ஒட்டுகிற வழக்கம் இல்லை. எவர்சில்வர் பாத்திரம் என்றால் மூடியில் பேர் வெட்டியிருக்கும். அதைப் படித்து, ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் போன ஆவணியில் நடந்த கல்யாணம் ஒன்றில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி டப்பா கொடுத்திருந்தார்கள். மூடியில் 'கிருபாசங்கர் – ரித்திகா'. பாதி ஊர் வீட்டில் அது இருக்கிறது. முத்தாத்தாள் கொண்டுவந்ததும் அதுதான், நஞ்சுண்டன் வைத்துவிட்டுப் போனதும் அதுதான். டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, "குடு அம்மணி, குடு, பஸ்ஸு போயிரும்" என்று மருந்துக்கடையிலிருந்து திரும்பிய முத்தாத்தாள் பறக்க, பங்காரம்மா பேரைப் படித்தாள், எடுத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டே காலுக்கு நஞ்சுண்டன் வந்தான். மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

"ஏனுங்க்கா, இது நெத்திக்கு வெக்கறதுங்களா? நான் கோழிக்கல்ல கேட்டேன்?"

பங்காரம்மா டப்பாவுக்குள் பார்த்தாள். காஷ்மீரியின் அடர்ந்த குங்குமச் சிவப்பு.

"தேவுடா!"

முத்தாத்தாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைக்கு அவள் நிற்கவில்லை. டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வண்டிய எடு நஞ்சுண்டா. அந்த அண்ணன் சோத்துல கை வெக்கறதுக்கு முன்னால போவோணும்" என்றாள்.

வழியில்தான் அவனுக்கு விஷயம் சொன்னாள். "என்ற பொடி ஒரு ஸ்பூன் போட்டா நல்ல வவுறே தாங்காதுங்களே அக்கா" என்றவன் வண்டியை முறுக்கினான். தேங்காய் லாரி ஒன்று குறுக்கே நின்று ஐந்து நிமிஷத்தை முழுங்கியது. முத்தாத்தாள் பதினொன்றுக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பதினொன்றரைக்குப் புளி கரைத்திருப்பார். கொதிக்கப் பத்து நிமிஷம். பங்காரம்மா அந்தக் குழம்பை மனசுக்குள் அடுப்பேற்றி அடுப்பேற்றி இறக்கினாள்.

சாளைக்கு நூறடி இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. ஒரு தும்மல். அதன் மேல் இன்னொன்று. ஆண் குரலில் ஒன்று, பெண் குரலில் இரண்டு.

முத்தாத்தாள் வாசலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். தென்னை மரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டு, வயிற்றில் தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் புருஷன் குமாரசாமி தும்மிக்கொண்டிருந்தார்.

"கொழம்பு? கொழம்பு வெச்சுப்போட்டீங்களா?" பங்காரம்மா வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.

"எங்க வெக்கறது! பொடி சூடா இருந்தா பேப்பர்ல கொட்டி ஆறப்போடோணும்னு நீதான வர்றவிங்களுக்கெல்லாம் பாடம் நடத்துவ? கொட்டி, ஃபேனைப் போட்டேன். அவ்வளவுதான், ஊட்டுக்குள்ள நிக்க முடியல. போனு அடிக்குது, எவ உள்ள போயி எடுக்கறது?" முத்தாத்தாள் இன்னொரு தும்மலை முடித்துக்கொண்டு சொன்னார்: "காஷ்மீரிக்குத் தும்மல் வராதுன்னும் நீதான் சொல்லியிருக்கற. அப்பவே இது வேறென்னமோன்னு விட்டுப்போட்டேன்."

பங்காரம்மா அப்படியே தண்ணித்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். "தப்பு என்ற மேலதானுங்க்கா. அண்ணாவுக்குத் தையல் எதாவது..."

"தையலெல்லாம் கெட்டியா இருக்குது" என்றார் குமாரசாமி. "ரெண்டு மாசம் கழிச்சு மூக்காவது காரத்தக் கண்டுதே, விடு அம்மணி."

நஞ்சுண்டன் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஃபேனை நிறுத்தி, மிச்சப் பொடியை வாரி எடுத்தான். வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம். "என்ற கடைக்கு வாரவன் தேம்பித் தேம்பித் தின்றது இதுக்குத்தானுங்களா?" என்றான்.

பங்காரம்மா கிளம்பவில்லை. தரையை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். தன் கையாலேயே சரியான டப்பாவைத் திறந்து கொடுத்து, குழம்பு கொதித்து இறங்குகிறவரை அடுப்படியிலேயே நின்றாள். இலையில் சோறு விழுந்து, மேலே செக்கச்செவேலென்று குழம்பு விழுந்தது. குமாரசாமி பிசைந்து முதல் வாய் வைத்தார். மூன்று பேரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள்.

"எப்பிடிங்கண்ணா இருக்குது?"

அவர் மென்று முழுங்கி, முகத்தைச் சுளித்தார். "என்ன பொடி அரைச்ச நீ? காரமே இல்ல."

பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒருத்தரையும் பங்காரம்மா சண்டை போடாமல் விட்டதில்லை. இன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா, எனக்கும் ஒரு கரண்டி போடுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.