முழங்காலில் சுற்றிய துணி

‘டக்’கென்று ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது. ஐம்பதுகளின் கடைசியில், ஃபேரர் பார்க் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் கால்பந்தாட்டம். எதிரணியிலிருந்த நண்பன் காதரும் நானும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதி விழுந்தோம். அவன் எழுந்துவிட்டான். என் வலது முழங்கால் பாதி மடங்கியபடியே பூட்டிக்கொண்டது, நீட்ட முடியவில்லை.

நான் தபால்காரன். தேக்கா பக்கத்துத் தெருக்களில் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவன். முழங்கால் போனால் வேலையும் போய்விடும் என்ற நினைப்பு அங்கே தரையில் கிடந்தபோதே வந்தது.

மருத்துவமனையில் என்னைப் பார்த்த மருத்துவர் சீனர். அவர் சொன்னதைத் தமிழ்த் தாதி ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார். மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருந்தது. அறுவைசிகிச்சை செய்து கிழிந்த துண்டை எடுத்தார்கள். சில மாதங்களில் சைக்கிள் ஓட்டினேன். பந்தும் ஆடலாம் என்றார் மருத்துவர்.

என் உண்மையான நோய் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

படி இறங்கும்போது, சைக்கிளிலிருந்து காலை ஊன்றும்போது, அந்த ‘டக்’ மறுபடி கேட்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆனாலும் பந்தை விட மனமில்லை. எங்கள் திடலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கட்டுப் போட்டு வந்தவனை யாரும் மோத மாட்டார்கள், பந்தோடு வந்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பத்து மாதம் அந்தச் சலுகையில் ஆடினேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

என் மனைவி பாக்கியம் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

“கால் சரியாயிடுச்சுன்னா எதுக்குக் கட்டு? சரியாகலன்னா எதுக்குப் பந்து? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

மறுநாளே மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் என் இரண்டு தொடைகளையும் நாடாவால் அளந்தார். வலது தொடை நன்றாக இளைத்திருந்தது.

“முட்டியில ஒண்ணுமில்லையாம்,” என்றார் தாதி. “நீங்க அந்தக் கால்ல பாரமே போடுறதில்ல, அதான் சதை கரையுது. இப்படியே விட்டா முட்டி நெஜமாவே காலை வாரிடும்னு சொல்றாரு. கட்ட அவுத்துடுங்க.”

இரண்டு மாதம் பாதத்தில் மணல்பையைக் கட்டித் தூக்கித் தூக்கித் தொடையைத் தேற்றினேன். பிறகு ஒரு ஞாயிறு, கட்டில்லாமல் திடலுக்குப் போனேன். துணியை மட்டும் கால்சட்டைப் பையில் வைத்திருந்தேன். கை அடிக்கடி அங்கேயே போனது.

பந்து என்னிடம் வந்தது. எதிரே ஓடிவந்த காதர் ஒரு கை தூரத்தில் நின்று ஒதுங்கினான். அடுத்த முறையும் ஒதுங்கினான். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“கட்டு இல்லலா! கண்ணு தெரியலையா? வந்து மோது!”

காதர் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “முடியலப்பா. அன்னிக்கு அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அதுலேருந்து நான் யாரையுமே மோதுறதில்ல.”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஞாயிறுதோறும் அவன் கண்ணெதிரில் உட்கார்ந்துதான் அந்தத் துணியைச் சுற்றியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பையிலிருந்த துணியை எடுத்துக் கோட்டுக்கு வெளியே எறிந்தேன். “இப்ப வா,” என்றேன்.

அடுத்த பந்துக்கு அவன் வந்தான். இரண்டு பேரும் புல்லில் உருண்டோம். எழாமல், காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே கிடந்தோம்.

“கேட்டுச்சா?” என்றான்.

“இல்ல. உனக்கு?”

“இல்ல.”

மெதுவாகக் காலை நீட்டினேன். நீண்டது. காதர் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அழுதான். நானும்தான்.

இதே பயத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருடங்கள் ஓடிவிட்டன. இன்னும் ஞாயிறுதோறும் ஆடுகிறேன். மழைக்கு முன்னால் முழங்கால் இன்னும் கடுக்கிறது. விழுந்த நொடிக்கும் காலை நீட்டும் நொடிக்கும் நடுவே காலம் இன்னும் நின்றுதான் போகிறது. அந்த இடைவெளியில் இப்போதெல்லாம் நான் என்னோடு விழுந்தவனின் காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.