எட்டில் வைத்த மீட்டர்

போடிமெட்டு ரோட்டில் ஒரு வண்டி கொதித்து நின்றால் பின்னால் வரும் ஜீப்பெல்லாம் நிற்கும். அன்றைக்கு நின்றது வேலுச்சாமி அய்யாவின் பழைய சின்ன கார். ஜீப் டிரைவர் முருகன் எனக்குப் போன் போட்டான்.

"அண்ணே, வெரசா வாங்க. ஏலக்கா எடுக்கப் போற பொம்பளைங்க பூராம் ரோட்டுல உக்காந்திருக்காக. பெருசு பர்ஸ்ட் கியர்லயே மலையேறிருக்காரு."

நான் போடியில் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். கொதிப்பு என் சோலி இல்லை என்றேன். மீட்டர்தான் கோளாறு என்று அய்யா சொல்கிறாராம். போனேன்.

அய்யா ஏலத்தோட்டக்காரர். காது சரியாகக் கேட்காது. காதுக்கு மிஷின் வைக்கவும் மாட்டார். எஞ்சின் சத்தத்தை வைத்துக் கியர் மாற்ற அவருக்கு வழியில்லை. அவர் சம்சாரம் பாக்கியம் அம்மா பக்கத்து சீட்டில் இருப்பார். இரைச்சல் கூடினால் அய்யாவின் தொடையில் ஒரு தட்டு. அய்யா கியர் மாற்றுவார். பல வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒருநாள், நீ தட்டாமல் இருந்தால் இன்னும் நன்றாக ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றோடு காரில் ஏறுவதை நிறுத்திவிட்டார்.

எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்றை அய்யா வெளியூரில் வாங்கி டேஷ்போர்டு மேல் அவரே மாட்டினார். ஊசி மூவாயிரத்தைத் தொட்டால் கியர் மாற்றச் சொல்லியிருந்தான் கடைக்காரன். மேட்டில் ஊசி மூவாயிரத்தைத் தொடவே இல்லை. அவரும் மாற்றவில்லை. அன்றைக்கு முன்பே வண்டி மூன்று தடவை கொதித்திருந்தது.

இன்னொரு தடவை நின்றால் காரை விற்றுவிடுவேன், தோட்டத்து ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து போங்கள் என்று மகன் சொல்லிவிட்டார். அய்யாவுக்கு அதுதான் பயம்.

கடைக்கு இழுத்து வந்தோம். மீட்டரின் எர்த் ஒயர் முனை துருவேறி இருந்தது. சுரண்டி மாட்டினேன். ஊசி மாறவில்லை. இக்னிஷன் காயிலில் இருந்து வரும் ஒயரை மாற்றினேன். மாறவில்லை. என்னிடம் இருந்த நல்ல மீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டபோது எண்ணூறு காட்டியது. அய்யாவின் மீட்டர் நானூறு. சரியாகப் பாதி.

கழற்றித் திருப்பினேன். முதுகில் ஒரு சின்ன சுவிட்ச். நாலு, ஆறு, எட்டு என்று போட்டிருந்தது. எஞ்சினில் எத்தனை சிலிண்டரோ அதில் வைக்க வேண்டும். இந்த வண்டிக்கு நாலு. சுவிட்ச் எட்டில் இருந்தது.

யார் வைத்தது என்று காதருகில் கத்தினேன்.

"நாந்தான். எட்டுதானய்யா ஒசத்தி?"

போடியில் இதைத் தப்பு என்று சொல்வது கஷ்டம். ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கும்போது எட்டு மில்லிமீட்டர் காய்தான் முதல் தரம். நாலு மில்லியை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

சுவிட்சை நாலுக்குத் தள்ளினேன். அய்யா முகம் கறுத்துவிட்டது.

"அப்ப எம் வண்டி பொடிக்காயா?"

பானெட்டைத் திறந்து, சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த நாலு பிளக்குகளைத் தொட்டுக் காட்டினேன். அவரும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மறுபடி வந்தார். சுவிட்ச் எட்டில் இருந்தது. எட்டிலேயே சரியாகக் காட்ட வை என்றார். அது ஆகாது என்றேன். பின்னாலேயே மகன் பைக்கில் வந்தார். கூட ஒரு கார் புரோக்கர். புரோக்கர் டயரை உதைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அய்யா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவில் பாக்கியம் அம்மா வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"எட்டுல இருந்தா மூவாயிரத்துக்கு ஊசி எங்க நிக்கும், தம்பி?"

"ஆயிரத்து ஐந்நூறுலம்மா."

நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தார். மீட்டர் கண்ணாடியில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒட்டினார். புருஷன் காதில் கத்தினார்.

"ஊசி பொட்டத் தொட்டா கியர மாத்துங்க."

"இம்புட்டுத்தானா?" என்றார் அய்யா.

மேலே போய்ச் சேரட்டும், பிறகு பேசலாம் என்றார் மகன். பொட்டு வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா என்னைக் கேட்டார். கைப்பையில் இருந்து பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

மகனும் புரோக்கரும் என் கடை பெஞ்சிலேயே இருந்தார்கள். புரோக்கர் ரெண்டு டீ குடித்தார். அதற்குப் பிறகு முருகன் போன் வந்தது.

"அண்ணே, பெருசு மேல மெட்டுக்கு வந்துட்டாரு. கொதிப்பு இல்ல. நாந்தான் பின்னாடியே வந்தேன்."

"பொட்டு ஒழுங்கா நின்னுச்சா?"

"பொட்டு நிக்கிது. யாரு பாக்குறா? அம்மாதான் தொடையில தட்டிக்கிட்டே வந்தாக."

புரோக்கர் எழுந்து போய்விட்டார். கார் இன்றும் ஓடுகிறது. மீட்டர் இன்றும் பாதிதான் காட்டுகிறது. ஆர்.பி.எம். மீட்டர் மாட்ட வருகிறவர்களிடம், பக்கத்து சீட்டில் யார் வருவார் என்று இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறேன். சிலிண்டரை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.