மேகாத்தும் சுண்ணாம்புக் கோடும்

இன்று காலை காபியை ஊதினேன். ஆடை நகர்ந்துபோய் எதிர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. உடனே, எந்தப் பக்கம் காபி ஏறியிருக்கிறது என்று டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "என்ன, பாலு கெட்டுப்போச்சா?" என்றார் வீட்டுக்காரர். பால்காரர்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டுதான். ஆனால் இது வேறு. கன்னிவாடிப் பக்கத்துக் குளம் ஒன்றில் எனக்குத் தொற்றிய வியாதி.

திண்டுக்கல் டவுனில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த நான், முதல் வேலைக்கு அறிவியல் டீச்சராக அங்கே போனேன். நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மகள் ராணிக்கு என் வயது, சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம். அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அதே குளத்தின் கீழமடைக்காரர், இவர்கள் மேலமடை. நீண்ட கரையின் மேற்கு முனையில் மேலமடை, கிழக்கு முனையில் கீழமடை. நடுவில் தண்ணீரைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

மடையை அடைத்ததும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில், அவரவர் மடைப்படியில் சுண்ணாம்புக் கோடு இழுப்பார்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எவனோ அடுத்த மடையைத் திறந்துவிட்டான் என்று அர்த்தம். ஒருத்தர் கோட்டை இன்னொருத்தர் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேவு என்பார்கள்.

அந்த வருஷம் நல்ல கோடை மழை. வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் ஆடியிலும் குளத்தில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. ஆனால் காலையில் மேலமடைக் கோட்டைத் தொட்டு நின்ற தண்ணீர், மத்தியானத்துக்குமேல் நாலு விரல் இறங்கியிருந்தது. தினமும் காலையில் புதுக்கோடு போட்டும் இதே கதை.

"களவாணிப் பய வீட்டுக்கா எம்பொண்ணு? தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிருவேன்" என்றார் ராணியின் அப்பா.

ராணிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் மாப்பிள்ளைமேல் சந்தேகம்தான். மனுஷர் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார். "டீச்சர், நீங்க அசலூரு. செத்த நேரம் அங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மேற்கிலிருந்து அடித்த மேகாத்து முதுகில் கைவைத்துத் தள்ளியது, மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. குளத்துப் பாசியும் சருகும் என்கூடவே கிழக்கே வந்துகொண்டிருந்தன. அப்போதும் எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

கீழமடையில் மாப்பிள்ளை காவல் நின்றார். சிரிப்பைக் காணோம். "தெனமும் எங்க கோட்ட எவனோ அழிச்சுப்புடுறான் டீச்சர். மேலமடைக்காரங்க வேலைதான்" என்றார். எட்டிப் பார்த்தேன். கோடு தண்ணீருக்குள் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் அதற்கும் மேலே ஏறி நின்றது.

காற்று தண்ணீரின் மேல்தோலை உரசி இழுத்துப் போகிறது. போன தண்ணீர் எதிர்முனையில் முட்டி ஏறி நிற்கிறது. காற்றுக்கு எடை உண்டு என்று பலூனை வைத்துப் பாடம் நடத்திய மகராசி நான். அதற்குக் கையும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பிவந்து சொன்னேன். ராணியின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க காப்பி குடுத்தாகளா?"

"குடுத்தாங்க."

"அதான்" என்றார்.

இருந்தாலும் மேலமடைப் படியில் போய் உட்கார்ந்தார். பொழுது சாய, காற்று அடங்கியது. தண்ணீர் மெல்ல ஏறி அவர் கண்ணெதிரிலேயே கோட்டைத் தொட்டது. குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஓ, காத்தும் அவனுக பக்கந்தானா?" என்றார். தாம்பூலம் திரும்பிப் போகவில்லை. ஆவணியில் கல்யாணம்.

இப்போது அந்தக் குளம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆடிக்காற்று வழக்கம்போல வருகிறது. தள்ளுவதற்குப் புழுதிதான் இருக்கிறது. போன வாரம் ராணி போனில் பேசினாள். அப்பாவுக்குத் தள்ளாத வயது. ஆனாலும் மத்தியானமானால் மேலமடைப் படியில் போய் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கூப்பிடப் போன மருமகனிடம் சொன்னாராம்:

"நீங்க களவாண்டிருந்தாக்கூடத் தேவல மாப்ள. தண்ணி எங்கிட்டாச்சும் இருக்குன்னு நெனச்சுக்கலாம்."