அப்ராஸின் சோம்பல்

கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ் ஏறி, ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தார் றிஷானா. இரண்டு கணினி நிரல்கள் பேசிக்கொள்வதைக் குறித்து வைப்பது அவர் வேலை. முதல் நிரலுக்கு ஒரு மீன் படம் காட்டப்படும். அது எழுத்துகளைக் கோத்து ஒரு சொல் அனுப்பும். அதை வைத்து மற்றது மீனைக் கண்டுபிடிக்கவேண்டும். யாரும் மொழி கற்றுக்கொடுக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டு அவையே ஒன்றை உண்டாக்கின. மனிதர் மொழி எப்படி உருவாகியிருக்கும் என்பதை இதில் பார்க்கலாம் என்றார் ஆய்வாளர் தயாளினி.

மூன்றாம் வாரம் மொழி வந்தது. ஆனால் நூறு படத்தில் நாற்பது தடவை வரும் சூடை மீனுக்கு முப்பது எழுத்தில் பெயர்.

“இதென்ன மிஸ், சொல்லி முடிக்க மீன் நாறிப்போகுமே.”

“மெஷினுக்கு வாய் நோகாதுதானே. மனிசர் அடிக்கடி சொல்லுறதைச் சுருக்குவினம். இதுக்கும் கொஞ்சம் சோம்பல் குடுக்கவேணும். எவ்வளவெண்டுதான் தெரியேல்ல.”

“சோம்பலா? எங்கட வீட்டில இருக்கு மிஸ்.”

றிஷானாவின் கணவர் அப்ராஸ் படகு இஞ்சின் திருத்துபவர். கை ஓயாது, வாய்தான் திறக்காது. “நீங்க கதைக்கிறதப் பதியட்டா?” என்று றிஷானா கேட்டார். “ம்,” என்றார் அவர். ஒரு வாரப் பதிவில் அதுவே நீளமான பதில்களில் ஒன்று.

தயாளினி அந்தப் பதிவிலிருந்து சோம்பலின் அளவைக் கணக்கிட்டு நிரலுக்குள் போட்டார். மறுநாள் படம் பார்க்கும் நிரல் ஒன்றுமே அனுப்பவில்லை. மற்றது எல்லாப் படத்துக்கும் சூடை என்றே சொல்லி நூற்றுக்கு நாற்பது எடுத்தது.

“அப்ப உங்கட வீட்டில எப்படித்தான் விளங்குது?” என்றார் தயாளினி.

“எனக்குப் பொறுமையில்ல மிஸ். முதல் சத்தத்திலயே நான் முடிவெடுத்துருவன். பிழைச்சா சோறு கேட்டவருக்குப் பிட்டுத்தான். அந்தப் பயத்தில தேவையானதச் சொல்லுவார்.”

அதையும் சேர்த்தார்கள்: கேட்பவருக்கு அவசரம், விளங்காவிட்டால் சொன்னவருக்குத் தண்டனை. இரண்டு வாரத்தில் சூடைக்கு ஓரெழுத்து. எப்போதாவது வரும் திருக்கைக்கு மட்டும் ஏழெழுத்து. தயாளினி கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். அறிக்கையில் சோம்பல், அவசரம் என்ற அந்த இரு அளவுகளுக்கும் அப்ராஸ், றிஷானா என்றே பெயரிட்டார்.

தயாளினி போன வெளிநாட்டு மாநாட்டில் ஒருவர் அப்ராஸை இன்னும் கூட்டினால் என்னாகும் என்று கேட்டாராம். இதை வீட்டில் சொன்னபோது அப்ராஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“கூட்ட ஏலாது,” என்றார்.

ஆய்வுக்கு இன்னும் குடும்பங்கள் தேவைப்பட்டன. தெரிவு செய்யும் பொறுப்பு றிஷானாவுக்கு வந்தது. ‘என்ட மனிசன் இதவிட மோசம்’ என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். கட்டைபறிச்சான் ஊர் இராசையா மட்டும் தனியாக வந்திருந்தார். நான்கு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, முறை வந்ததும் கேட்டார்:

“இது காணி பதியிற கந்தோர்தானே?”

றிஷானா அவரை அந்த இடத்திலேயே சேர்த்துக்கொண்டார்.