வாசலில் காட்டாத காய்ச்சல்

டிவியில் ஒரு டாக்டர் சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருக்கும் இந்தக் கொரோனா ரகத்துக்கு வீரியம் குறைவாம். சளி, இருமல், இரண்டு நாள் உடம்பு வலி, அவ்வளவுதானாம். யாரும் பயப்பட வேண்டாம் என்றார். எழுந்திருக்கப் போகிற நேரத்தில், "வேற நோய் இருக்கிறவங்க மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று ஒரு வரி சேர்த்தார். அப்படி வேறு நோய் இருக்கிறவர் எங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு அதே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர். நான் ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினேன்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போய், நான்கு மணி நேரம் கையில் இரண்டு ஊசியோடு படுத்திருக்க வேண்டும். எங்கள் வீடு திருப்போரூரில். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவோம். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் லீவு கேட்கிற டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? விட்டுவிட்டேன். இப்போது என் உத்தியோகம், அவர் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்று கண்காணிப்பது. நான்கு டம்ளருக்கு மேல் போனால் உடம்பில் ஊறிக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். கட்டிய புருஷன் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்வதற்கு ஆறு வருஷமாகப் பழகியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்துவது இதற்கு எவ்வளவோ மேல்.

அந்த மையத்தில் அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். நாற்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் ஈசிஆர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். டயாலிசிஸ் நாளில் அதே ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்து இறக்கி, முடியும்வரை வாசலில் காத்திருந்து கூட்டிப்போவார். அவளுக்கு வாய் ஓயாது. உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று தெரிய, படுக்கைக்குப் போகும் முன் எல்லோரையும் எடை பார்ப்பார்கள். இவர் எடைமேடையில் ஏறினால் போதும், அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"வந்துட்டாருப்பா தண்ணி டேங்கு! இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எத்தினி கிலோ ஏத்திகினு வந்துகீற?"

அந்த ஹாலில் பத்துப் பேரும் சிரிப்பார்கள். வீட்டில் சிரிக்காத இவரும் சிரிப்பார். அவள் முந்தானையில் புளிப்பு மிட்டாய் முடிந்து வைத்திருப்பாள். தாகத்துக்கு அதுதான் மருந்து என்று இவர் கையில் ஒன்று திணிப்பாள். என்னையும் விடமாட்டாள். "யக்கா, டயாலிசிஸு அவருக்கா உனக்கா? ஒரு நாளாச்சும் மூஞ்சிய மாத்திகினு வாயேன்" என்பாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவள் வராத நாளில் அந்த நான்கு மணி நேரம் நகரவே நகராது. அவளை எனக்குப் பிடிக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இவருக்குத் தொண்டை கரகரத்தது. நெற்றியைத் தொட்டேன், சுட்டது. தெர்மாமீட்டர் நூறுக்கு மேல் காட்டியது. பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மையத்தின் வாசலில் ஒரு வாட்ச்மேன் துப்பாக்கி போன்ற கருவியை நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்ப்பார். மறுபடியும் கொரோனா என்று பேச்சு வந்ததும் பழைய கருவியைத் தூசு தட்டி எடுத்திருந்தார்கள். காய்ச்சல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். மூக்கில் குச்சியை விட்டுப் பரிசோதனை செய்து, கொரோனா என்றால் வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். நோயாளியை அலைக்கழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதே ஹாலில் மற்ற பத்துப் பேரும் படுத்திருக்கிறார்களே, அவர்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். பழைய கொரோனாவில், பெரிய அலை அடித்தபோது, இவருக்குத் தொற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கே போனாலும் இயந்திரம் காலி இல்லை. ஊரப்பாக்கம்வரை ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலாக ஏறி இறங்கினேன். ஐந்து நாள் டயாலிசிஸ் இல்லை. முகம் வீங்கி, கண் மூடி, படுக்கவும் முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். ஆறாம் நாள் ஒரு இடம் கிடைத்துப் பிழைத்தார். வைரஸ் அவரை அன்று அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. இடம் கிடைக்காததுதான் கொல்லப் பார்த்தது. அந்த ஐந்து நாளை இன்னொரு முறை பார்க்க என் உடம்பில் தெம்பு இல்லை.

அதனால் ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"அங்க சொல்லிடலாமே" என்றார்.

"சொல்லிட்டு எங்க போய்ப் படுக்கப் போறீங்க? என் மடியிலயா? இன்னா, டிவியில கேட்டீங்க இல்ல, சாதா சளிதானாம். முழுங்குங்க."

விழுங்கினார். தண்ணீர் அரை டம்ளர். வீட்டிலேயே பரிசோதனை செய்கிற கிட் மருந்துக்கடையில் கிடைக்கும். நான் வாங்கவில்லை. வாங்கினால் தெரிந்துவிடுமே.

வாசலில் கருவி சாதாரணச் சூட்டைக் காட்டியது. வாட்ச்மேன் தலையை ஆட்டினார். இவர் உள்ளே போய்ப் படுத்தார். முகத்துக்கு மாஸ்க் போட்டுத்தான் விட்டேன். ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டுகிறது என்று தாடைக்கு இறக்கிவிட்டார். நடுவில் இருமல் வந்தது. டெக்னீஷியன் பெண் திரும்பிப் பார்த்தாள். ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரி, "இந்தா அண்ணாத்த, தொண்டைக்கு எதமா கீது" என்று எட்டி ஒரு மிட்டாயைக் கொடுத்தாள். இவர் வாங்கிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டாதே என்று அவளிடம் எதைச் சொல்லித் தடுப்பது?

டிவி டாக்டர் சொன்னது இவர் விஷயத்தில் அப்படியே பலித்தது. வியாழக்கிழமை வெறும் மூக்கொழுகல். சனிக்கிழமை அதுவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. பார்த்தாயா, சாதா சளிதான், இதற்குப் போய் யாராவது ஊரைக் கூட்டுவார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். எடைமேடையில் இவர் ஏறினார், அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். என்னம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "தூக்கம் இல்லக்கா" என்றாள். மேலே கேட்காமல் வராந்தாவுக்குப் போய் என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படுக்கை காலி. ஞாயிற்றுக்கிழமையே மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கொரோனா என்று தெரிந்து, ஐசியூவில் இருக்கிறாள் என்று டெக்னீஷியன் பெண் சொன்னாள். அன்று எங்கள் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு இருந்தது, வேறிடத்துக்கு அனுப்பினார்கள். இவருக்கு இல்லை என்று வந்தது. வந்து போயிருக்கும். திருப்போரூர் முருகா என்று அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கும்பிடு கூசுகிறது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். இது லேசானது என்றுதானே சார் சொன்னார்கள்?

"ஊருக்கு லேசானதும்மா" என்றார். "இங்க படுத்திருக்கிறவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்ல. நுரையீரல்ல ஏற்கெனவே நீர் தேங்கும். தடுப்பூசி போட்டிருந்தாலும் மத்தவங்க அளவுக்கு வேலை செய்யாது. ஒருத்தருக்கு ரெண்டு நாள்ல விட்டுடும், இன்னொருத்தரைக் கொண்டுபோயிடும். யாருக்கு எதுன்னு முன்கூட்டியே எனக்கும் தெரியாது." அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் அவள் இறந்துவிட்டாள். செய்தி தெரிந்து நாங்கள் போன அன்று அந்த ஹாலில் இயந்திரங்கள் மட்டும் கீகீ என்று கத்திக்கொண்டிருந்தன. இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது, "நம்மளாலதானே?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "வாய மூடிகினு வாங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாது. கடைத்தெருவில் வந்திருக்கலாம், ஆட்டோவில் ஏறிய யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம். இந்தச் சால்ஜாப்பை எல்லாம் நான் அடுப்படியில், பஸ் ஸ்டாண்டில், குளிக்கிற இடத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன். கணக்கு டீச்சர் நான். செவ்வாய்க்கு அடுத்தது வியாழன், அதற்கடுத்தது சனி என்று எனக்கு எண்ணத் தெரியும்.

ஒரு மாதம் போயிருக்கும். இவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் வந்தார். ஏதோ கையெழுத்துக்கும், அவள் அங்கே வைத்திருந்த போர்வையை வாங்கவும் வந்தாராம். ஆள் பாதியாகிப் போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் நேரே வந்து எதிரில் நின்றார். உட்காருங்கண்ணா என்றேன். உட்காரவில்லை.

"உன்னாண்ட ஒன்னு சொல்லணும் தங்கச்சி. ஒரு மாசமா நெஞ்ச அறுத்துகினே கீது."

எனக்குத் தெரிந்துவிட்டது, ஆட்டோக்காரருக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது என்று நினைத்தேன். கேட்கட்டும், திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த சனிக்கெழம காலையிலயே அவளுக்கு ஒடம்பு கொதிச்சுது. வாசல்ல திருப்பி அனுப்பிச்சிடுவாங்கோன்னு காச்ச மாத்திரய குடுத்துக் கூட்டியாந்துட்டேன். பக்கத்துல உன் வூட்டுக்காரரு படுத்துகினு கீறாரேன்னு எனுக்கு அப்போ தோணவே இல்லம்மா. ரெண்டு பேருக்கு இங்க வந்துச்சாமே. உன் வூட்டுக்காரருதான் கண்ணு முன்னாலயே நிக்கிறாரு. எங்களால அவுருக்கு இன்னா ஆச்சோன்னு, கேக்கவே பயந்துகினு இருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். காய்ச்சலோடு முதலில் வந்தது நாங்கள்தான் அண்ணா, செவ்வாய்க்கிழமையே வந்தோம், அதே மாத்திரையை நானும்தான் கொடுத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அந்த மனுஷன் தோளில் இருந்த பாரம் அங்கேயே இறங்கியிருக்கும். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டெக்னீஷியன் பெண் நின்றிருந்தாள். விஷயம் வெளியே வந்தால் இவர் படுக்கை போய்விடுமோ என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அப்போதும் ஓடியது. என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்.

"அவுருக்கு ஒன்னும் ஆவலியேம்மா?" என்றார்.

"ஒன்னும் ஆகலண்ணா."

அவர் மூச்சை விட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அது போதும் தங்கச்சி. என் பாவம் என் பொண்டாட்டியோட போச்சு. இன்னொரு குடும்பத்து மேல வுழல. அது போதும்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பிறகு போர்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ நிற்கிற பக்கம் போனார்.

அவர் ஆட்டோவில் ஏறும்வரை நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போனேன். இவர் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

"இன்னா சொன்னாரு?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நல்லா இருக்கீங்கன்னு சொன்னேன்."