கையை மட்டும் எடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை பூன் லேயில் காலையிலிருந்தே மழை. வேறு வேலையில்லாமல் ஸ்டோர் ரூமை ஒழிக்கப் போன இடத்தில் என் பழைய கேமராப் பை அகப்பட்டது. ஜிப்பை இழுத்ததும் குப்பென்று ரசவாடை. நம்பவே மாட்டீர்கள், இத்தனை வருடம் கழித்தும்! லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. சும்மா கண்ணில் வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் பிளாக், கம்பில் நனைந்துகொண்டிருந்த யாருடைய துணியோ, எல்லாம் பாலில் கரைந்த மாதிரி தெரிந்தன. இறக்க மனசே வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பைக்குள் ரசம் எப்படி வந்தது என்றால், அது காதர் பாய் பார்த்த வேலை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மளிகைக்கடைக்கு மேல்மாடியில், அவரும் நாலைந்து நண்பர்களும் ஞாயிறுதோறும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட வருகிறவர்கள் வேலையில் அடிபட்ட வெளிநாட்டு ஊழியர்கள். நஷ்டஈட்டுக் கேஸ் முடிகிறவரை வேலைக்கும் போக முடியாது, ஊருக்கும் போக முடியாது. எனக்கு அப்போது வேலை புதுசு, கேமரா புதுசு, தலைக்கனமும் புதுசு. "நான் படம் புடிச்சுத் தர்றேன் பாய்" என்று நானாகப் போய் நின்றேன். படங்களைப் பார்த்துத்தான் நாலு பேர் அரிசி பருப்பு கொண்டுவந்து இறக்குவார்கள். முதல் நாளே பாய் ரசத் தூக்கைக் கொண்டுவந்து என் பை மேல் வைத்தார். கவிழ்ந்தது. "பரவால்லம்மா, வாசமா இருக்கும்லா" என்றார். மன்னிப்பாவது மண்ணாவது!

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "மூஞ்சி வேணாம்மா. முதலாளி பாத்தா இவங்களுக்குத்தான் பிரச்சன. கைய மட்டும் எடுங்க."

எடுத்தேன். சோறு பிசைகிற கை, கேரம் காயைச் சுண்டுகிற கை, கட்டுப்போட்டு மடியில் கிடக்கிற கை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மரச் சன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வரும். கீழ்க் கடையிலிருந்து மல்லியும் மிளகாயும் கலந்த வாடை ஏறி வரும். யாரோ சுவரில் சாய்ந்து தூங்குவார்கள், யாரோ பாட்டு முணுமுணுப்பார்கள். அந்த மாடியில் நேரம் நகர்ந்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை. இந்தப் பழக்கம் முற்றிப்போய், பெரியப்பா மகன் கல்யாணத்திலும் பாதிப் படத்தில் கைகளையே எடுத்துவைத்தேன். பெரியம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "எம் புள்ள தலை எங்கடி?" என்று போட்ட சத்தம் ஃபேரர் பார்க் வரை கேட்டிருக்கும்.

அந்த மாடிக்குத்தான் தங்கராசு வந்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். வலது கையில் இரண்டு விரல்களை மெஷின் கொண்டுபோயிருந்தது. ஒரு ஞாயிறு என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"அக்கா, என் மூஞ்சிய ஒண்ணு எடுத்துத் தாங்க. கை மட்டும் தெரியக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாயின் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறானே! அவன் சிரிக்கவில்லை.

"போன்ல கேமரா கெட்டுப்போச்சுன்னு வீட்ல பொய் சொல்லி வச்சிருக்கேன். எம் பொண்டாட்டி செல்வி மாசமா இருக்கா. மொதல்ல ஒண்ணு கலைஞ்சுபோச்சு. இதப் பாத்தா தாங்க மாட்டாக்கா. ஆனா ஒரு படமாச்சும் வந்தாத்தான் சாப்புடுவேன்னு அடம் புடிக்கிறா."

காதர் பாய் தன் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார். தங்கராசு முகம் கழுவி, பவுடர் போட்டு, சீவிக்கொண்டு வந்தான். சன்னலோரம் நிறுத்தி, மார்புக்கு மேலே மட்டும் எடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தான். எல்லாரும் எட்டிப் பார்த்து, "சூப்பர்லா!" என்றார்கள். அவன் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன், அங்கேயே ஊருக்கு அனுப்பினான். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க, வகிடு மாறியிருக்கே. எந்தக் கையால சீவுனீங்க?"

இடது கையால் சீவினால் வகிடு மறுபக்கம் போய்விழும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. கைகளாகவே பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கும் தோன்றவில்லை, போங்கள்.

"வலது கைக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க."

காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: "காட்டிடுப்பா. காட்டலேன்னா இன்னும் பயந்துருவாங்க."

வீடியோவைப் போட்டான். கையைத் தூக்கிக் காட்டினான். செல்விக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் கீழே இறக்கினாள். திரை முழுக்கப் புடவையும் வயிறும்.

"இங்க வைங்க" என்றாள்.

தங்கராசு அந்தக் கையைத் திரை மேல் வைத்தான். வைத்துக்கொண்டு குலுங்கி அழுதான். நான் ஒரே ஒரு படம் எடுத்தேன், முகமும் கையும் சேர்த்து. என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் எடுத்ததில்லை. பார்த்துவிட்டு, "எனக்கு அனுப்பிட்டு அழிச்சிடுங்கக்கா" என்றான். அவன் எதிரிலேயே அழித்தேன்.

கேஸ் முடிந்து அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். பெண் பிறந்திருக்கிறாள் என்று ஒருமுறை சேதி வந்தது. அப்புறம் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. காதர் பாய் மவுத்தாகிவிட்டார். அந்த மாடியில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள், மரச் சன்னலை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தங்கராசுவின் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அவளுக்கு அப்பா கை என்றால் மூன்று விரல்தான், எதுவும் குறைந்ததாகவே தோன்றாது. மற்ற இரண்டையும் ஞாபகம் வைத்திருக்க அந்த வீட்டில் செல்வி ஒருத்திதான்.